சுடாத துப்பாக்கிக்கு நற்சான்று

"மெர்ல் அந்த லிவரை எப்பவாவது கீழ இழுத்தானா?"

ஆர்டிஸ் ஹோவ்லண்டிடம் இந்தக் கேள்வி கேட்கப்பட்ட இடம் லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளக் கூடம். அவள் கணவன் மெர்லை அடக்கம் செய்துவிட்டு வந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. அவள் கையில் ஒரு காகிதத் தட்டு, தட்டில் சீஸ் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு.

மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்த ஆறுதல் மொழிகளில் தலைசிறந்தது இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். மற்றவர்கள் எல்லாரும் "நல்ல மனுஷன்", "வலியில்லாம போயிட்டார்" என்று யாராலும் சரிபார்க்க முடியாத விஷயங்களைச் சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு இருந்த மேசைப் பக்கம் நகர்ந்தார்கள். ஹால்வர் ஸ்ட்ராண்ட் ஒருவர்தான் சாட்சியத்தோடு பதில் சொல்லக்கூடிய ஒன்றைக் கேட்டார்.

"எந்த லிவரை?" என்றாள் ஆர்டிஸ்.

"நூற்றாண்டுத் துப்பாக்கியோட லிவர்தான்."

"எனக்குத் தெரியாது, ஹால்வர். அது கட்டிலுக்கு அடியில கிடக்கு."

அவர் முகம் வெளுத்தது. "கட்டிலுக்கு அடியிலயா? தரை என்ன? சிமெண்டா, மரமா?"

"மரம்."

"அப்பாடா." அவர் அவள் தோளைத் தட்டினார். "உன் துக்கத்துல நானும் பங்கெடுத்துக்கறேன்மா."

ஹால்வர் ஸ்ட்ராண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆலங்கட்டி மழைக்கான பயிர்க் காப்பீட்டில் முப்பது வருடம் சேத மதிப்பீட்டாளராக இருந்தவர். அடியோடு சாய்ந்து கிடக்கும் கோதுமை வயலில் இறங்கி, தாள் தாளாக எண்ணி, "நாற்பது சதவீதம் இன்னும் நிக்குது" என்று சொல்லி, மாண்டானா மாநிலத்தின் பாதி விவசாயிகளை அழவைத்தவர். ஓய்வு பெற்றதும் அந்தத் திறமை வீணாகக்கூடாது என்று மெடோலார்க் மாவட்ட நினைவுத் துப்பாக்கி அடையாள மற்றும் மதிப்பீட்டுக் கழகத்தைத் தொடங்கினார். அவரே தலைவர், அவரே ஆய்வாளர். பதவியை வைத்து யாருக்கும் சலுகை காட்டாதவர். தன்னுடைய பத்தொன்பது துப்பாக்கிகளுக்கும் தனக்கே விண்ணப்பம் எழுதி, முறைப்படி மூன்று வாரம் காத்திருந்துதான் சான்றிதழ் பெற்றார்.

மாவட்டம் பிறந்து நூறு வருடம் ஆனபோது ஒரு கம்பெனி அந்த நினைவாக மூவாயிரம் லிவர் துப்பாக்கிகள் செய்து விற்றது. மாவட்டத்தின் ஜனத்தொகை, தொட்டில் குழந்தைகளையும் சேர்த்து, ஆயிரத்துத் தொள்ளாயிரம். மூவாயிரமும் விற்றுப்போயின. முதன்முதலில் இங்கே குடியேறியவர்கள் கையில் லிவர் துப்பாக்கியோடு சுட்டுச் சுட்டே பிழைத்தார்கள். அவர்களைக் கௌரவிக்கும் விதமாக இந்தத் துப்பாக்கியை யாரும் சுடுவதில்லை.

இதில் உள்ள நுட்பம் வெளியூர்க்காரர்களுக்குப் பிடிபடாது. ஒரு தடவை சுட்டால் பாதி மதிப்பு போய்விடும். சுடவே வேண்டாம், விசைக்குக் கீழே வளையம் மாதிரி இருக்கும் அந்த லிவரை ஒரு தடவை கீழே இழுத்து மேலே தள்ளினாலே உள்ளே ஒரு மெல்லிய கோடு விழும். பூதக்கண்ணாடியில் மட்டும் தெரிகிற அந்தக் கோட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு. பெட்டியோடு வரும் உத்தரவாத அட்டையைப் பூர்த்தி செய்து கம்பெனிக்கு அனுப்பியிருந்தால் அதற்கும் கழிவு உண்டு. ஒரு பொருளுக்குச் சொந்தக்காரன் இருந்தான் என்று தெரிந்தால் அதன் தூய்மை கெட்டுவிடும் அல்லவா?

மெர்ல் இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் தன்னுடைய பழைய வேட்டைத் துப்பாக்கியையும் கூடவே ஒரு கன்றுக்குட்டியையும் கொடுத்து இதை வாங்கினான். பழையது குழல் வெளுத்து, மரக்கட்டை முழுக்கக் கீறலாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு மானை வீட்டுக்குக் கொண்டுவந்தது. அன்றோடு அந்த வீட்டிலிருந்து சுடுகிற துப்பாக்கி போய், மதிப்புள்ள துப்பாக்கி வந்தது.

இத்தனை வருடமும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. ஆட்டுப் பட்டியைக் காக்க ஒரு வெள்ளை நாய் இருந்தது. மெர்ல் போவதற்கு ஒரு மாதம் முன்னால் அந்தக் கிழநாயும் போய்விட்டது. ஏப்ரலில் ஆடுகள் ஈன்றபோது முப்பத்துநாலு குட்டிகள். குன்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கொயோட்டி நரி வந்து, பட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, தனக்கு இங்கே எந்தத் தடையும் இல்லை என்று கண்டுகொண்டது. அதுவும் ஒரு வகை மதிப்பீட்டாளர்தான். ஆனால் வேலையைச் சட்டென்று முடிக்கும்.

ஆர்டிஸ் கணக்குப் போட்டாள். அறுபது மைல் தள்ளி ஒரு பண்ணைக்காரர் பட்டியிலேயே பழகிய இரண்டு வயது நாய் வைத்திருந்தார். அறுநூறு டாலர். "மாசக் கடைசி வரைக்கும் வேற யாருக்கும் கொடுக்க மாட்டேன், அதுக்கு மேல என்னால முடியாது" என்றார். பில்லிங்ஸ் நகரத்து வியாபாரி ஒருவர் நூற்றாண்டுத் துப்பாக்கிக்குத் தொள்ளாயிரம் தருவதாகச் சொன்னார், கழகத்தின் சான்றிதழ் இருந்தால். இல்லாவிட்டால் இருநூற்றைம்பது.

சான்றிதழ் வந்தால் நாய் வரும். நாய் வந்தால் குட்டிகள் மிஞ்சும். ஆர்டிஸ் விண்ணப்பம் எழுதிப் போட்டாள்.

அதோடு டெல்பெர்ட் குஷ்மனுக்கும் போன் செய்தாள். தானியக் கிடங்கில் வேலை செய்பவன், அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன், கழகத்தின் செயலாளர்.

"டெல், ஒரு துப்பாக்கி இரவல் தர்றியா? ஒரு வாரம் போதும்."

"எதுக்கு?"

"எதுக்கா? சுடத்தான்."

"ஆர்டிஸ், எங்கிட்ட பதினோரு துப்பாக்கி இருக்கு" என்றான்.

"தெரியும். அதனாலதான் உன்னக் கேக்கறேன்."

"அதுல சுடுறதுக்குன்னு ஒண்ணும் இல்லையே."

"பதினொண்ணுலயுமா?"

"ஒண்ணொண்ணும் பெட்டியிலயே இருக்கறது." அவன் குரலில் பெருமையும் வெட்கமும் சம அளவில் இருந்தன. "வேணும்னா நான் காலைல வந்து சத்தம் போட்டு விரட்டட்டுமா?"

"நீயா? பள்ளிக்கூடத்துல பேர் கூப்பிட்டா 'இருக்கேன்'னு நீ சொன்னது டீச்சர் காதுலயே விழுந்ததில்ல. வருஷக் கடைசில பாதி நாள் வரலன்னு எழுதிட்டாங்க."

"அதுவும் சரிதான்," என்றான் டெல்பெர்ட்.

முதல் அமர்வு ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. ஹால்வரும் டெல்பெர்ட்டும் வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார்கள். மெர்லின் சவப்பெட்டியைத் தூக்கும்போது மாட்டியிருந்த அதே கையுறைகள். அன்று படியில் ஒரு மூலை இடித்தது, யாரும் குறித்துக்கொள்ளவில்லை. இன்று துப்பாக்கிப் பெட்டியைக் கட்டிலடியிலிருந்து சமையலறை மேசைக்குக் கொண்டுவர எட்டு நிமிடம் ஆனது.

"காபி அடுப்ப அணைச்சிடும்மா," என்றார் ஹால்வர். "ஆவி அட்டையில படியும்."

"நீங்க குடிக்கத்தான் வச்சேன்."

"வெளில வச்சுக் குடிச்சுக்கறோம். ஒருத்தர் மாத்தி ஒருத்தரா."

பிறகு அவர் குனிந்து பெட்டியை முகர்ந்தார். நீளவாட்டில் ஒரு தடவை, அகலவாட்டில் ஒரு தடவை. டெல்பெர்ட் பென்சிலைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றான்.

"எலி?" என்று கேட்டான்.

"எலி இல்ல."

"ஈரம்?"

ஹால்வர் கண்ணை மூடிக்கொண்டார். "பழைய ஈரம். ஆறிப்போச்சு. ஆர்டிஸ், மெர்ல் எப்பவாவது நனைஞ்ச பூட்ஸக் கட்டிலடியில விட்டானா?"

"முப்பது வருஷமா விட்டார்."

"எழுதிக்கோ, டெல்பெர்ட். பூட்ஸ், குற்றநோக்கம் இல்லாமல்."

பெட்டியின் ஒரு மூலை இரண்டு மில்லிமீட்டர் நசுங்கியிருந்தது. அதை மூன்று கோணங்களில் அளந்தார்கள். ஒரு மணி நேரம் கழிந்ததும் ஆர்டிஸ் மூடியைத் திறக்கக் கை நீட்டினாள். இருவரும் ஒரே குரலில் "ஐயோ!" என்றார்கள்.

"விதி நாலு," என்று டெல்பெர்ட் மெதுவாக விளக்கினான். "பெட்டியப் பாத்த அன்னிக்கே துப்பாக்கியப் பாக்கக்கூடாது. பெட்டி நல்லாருந்தா அந்தச் சந்தோஷத்துல துப்பாக்கியும் நல்லாருக்கற மாதிரி தோணிடும்."

"அப்ப துப்பாக்கிய எப்பப் பாப்பீங்க?"

"அடுத்த வாரம் காகிதம். அதுக்கடுத்த வாரம் துப்பாக்கி," என்றார் ஹால்வர்.

"ஹால்வர், எனக்குக் குட்டி குறையுது."

"நான் ஆலங்கட்டியில பாக்காததாம்மா? அவசரத்துல எண்ணினா எண்ணிக்கை தப்பிப்போகும்."

"எண்ணறதுக்கு மிச்சம் இருக்கணுமே."

இதை அவர் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். ஒரு நிறுவனத்தின் தலைவருக்கு நகைச்சுவை உணர்வு அவசியம்.

இரண்டாவது அமர்வு வந்தபோது குட்டிகள் முப்பத்தொன்று. காகிதங்களை மேசையில் பரப்பினார்கள். துப்பாக்கியில் கட்டித் தொங்கவிடும் சீட்டு, அதன் நூல், நூலின் முடிச்சு. முடிச்சு கம்பெனி போட்டதா, வீட்டில் அவிழ்த்து மறுபடி போட்டதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "அசல் முடிச்சு" என்று தீர்ப்பானது. கம்பெனியே துப்பாக்கியோடு கொடுத்த தோட்டாப் பெட்டி ஒன்று. இருபது தோட்டா, மேலே தங்க எழுத்தில் 'நூறாண்டு', முத்திரை உடையாதது. அதைத் தனியாக மதிப்பிட வேண்டும் என்று ஓரமாக வைத்தார்கள். கடைசியாக உத்தரவாத அட்டையைத் திருப்பிப் பார்த்த ஹால்வர் அப்படியே உறைந்துபோனார்.

"டெல்பெர்ட், விளக்க இங்க காட்டு."

சொந்தக்காரர் பெயர் எழுத வேண்டிய கோட்டில் பென்சிலால் ஒரு எழுத்து எழுதி அழித்த தடம் இருந்தது. மெர்லின் முதல் எழுத்து.

"எழுத ஆரம்பிச்சிருக்கான்," என்றார் ஹால்வர் ரகசியக் குரலில்.

"ஆனா அழிச்சிருக்காரே," என்றான் டெல்பெர்ட்.

"ஆரம்பிச்சது ஆரம்பிச்சதுதான். கேள்வி என்னன்னா, ஒரு எழுத்து அளவுக்கு ஒருத்தன் சொந்தக்காரனா இருக்க முடியுமா?"

இருவரும் இதை நாற்பது நிமிடம் விவாதித்தார்கள். ஆங்கிலத்தில் மெர்ல் நாலு எழுத்து, அதனால் கால் பங்கு உரிமை என்று டெல்பெர்ட் சொன்னான். குடும்பப் பெயரையும் சேர்த்துக்கொண்டால் பத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று ஹால்வர் திருத்தினார். ஆர்டிஸ் அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அவன் என்ன செய்தான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பெயரை எழுத ஆசையாக ஆரம்பித்திருப்பான். பிறகு ஹால்வர் என்ன சொல்வார் என்று நினைத்துப் பயந்து ரப்பரைத் தேடியிருப்பான். அதற்கு முந்தின நாள்வரை அவன் யாருக்கும் பயந்ததில்லை.

"பென்சிலுக்குக் கழிவு இல்ல," என்று கடைசியில் கழகம் அறிவித்தது. "அனுதாப அடிப்படையில்."

மூன்றாவது அமர்வு மாதத்தின் கடைசி வியாழக்கிழமை, காலை பத்து மணி. குட்டிகள் இருபத்தொன்பது. பண்ணைக்காரர் முந்தின நாள் போன் செய்து, வேறு ஒருவர் நாயைக் கேட்கிறார், சனிக்கிழமை வரைதான் தாங்கும் என்று சொல்லியிருந்தார். பில்லிங்ஸ் வியாபாரி வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தார். ஒரு கையெழுத்துதான் பாக்கி.

டெல்பெர்ட் தன்னுடைய நூற்றாண்டுத் துப்பாக்கிகளில் ஒன்றை 'ஒப்பீட்டு மாதிரி'யாகக் கொண்டுவந்திருந்தான். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தார்கள். ஜன்னல் வெயிலில் இரண்டின் தங்க முலாமும் மின்னியது. அழகாகத்தான் இருந்தன, அதை யாராலும் மறுக்க முடியாது.

"பக்கவாட்டுப் படத்தப் பாருங்க," என்று டெல்பெர்ட் கிசுகிசுத்தான். "ஒவ்வொரு தடவையும் எனக்குப் புல்லரிக்கும்."

தங்கத் தகட்டில் ஒரு செதுக்கல். குடிசை வாசலில் ஒரு பெண், கையில் லிவர் துப்பாக்கி, தூரத்தில் ஓநாய்.

"முதல் குடியேறிகளோட வீரம்," என்றார் ஹால்வர், தொப்பியைக் கழற்றி. "அந்த மாதிரிப் பொம்பளைங்க இப்ப எங்க இருக்காங்க?"

"அவளுக்குச் சான்றிதழ் தேவைப்படல," என்றாள் ஆர்டிஸ்.

ஹால்வர் அதைக் காதில் வாங்கவில்லை. படிவத்தைப் பூர்த்தி செய்யத் தொடங்கியிருந்தார். அவர் சொல்லச் சொல்ல டெல்பெர்ட் எழுதினான்.

"எண், பெட்டியோடு பொருந்துகிறது. முலாம், நூறு சதவீதம். கட்டை, நூறு சதவீதம். லிவர், இழுக்கப்படாதது. குழல், சுடப்படாதது. செயல்பாடு…" அவர் துப்பாக்கியை ஒரு பார்வை பார்த்தார். "செயல்பாடு, பூரணம்."

கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார். முத்திரை காய வேண்டும் என்று அதன்மேல் ஊதினார். ஆர்டிஸ் மூன்று வாரத்தில் முதல் தடவையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இருந்த ஜன்னல் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே பட்டி தெரிந்தது. பட்டியின் வேலிக்கு அடியில், பட்டப்பகலில், எந்த அவசரமும் இல்லாமல், கொயோட்டி உள்ளே நுழைந்துகொண்டிருந்தது.

அவள் எழுந்தாள். மேசையிலிருந்து தன் துப்பாக்கியை எடுத்தாள்.

"கையுறை!" என்று அலறினார் ஹால்வர்.

அவள் தோட்டாப் பெட்டியை எடுத்துப் பல்லால் முத்திரையைக் கிழித்தாள். தங்க எழுத்து இரண்டாகப் பிளந்தது. டெல்பெர்ட் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். மூன்று தோட்டாக்களைப் பக்கவாட்டுத் துளையில் தள்ளிக்கொண்டே அவள் பின்வாசல் படிக்கு ஓடினாள். லிவரைக் கீழே இழுத்தாள். அது ஆறிப்போன தேனில் கரண்டி நகர்வது மாதிரி நகர்ந்தது.

"கோடு விழுந்துடுச்சு," என்றார் ஹால்வர், ஒரு மரணத்தை அறிவிப்பவர் போல. "மூணுல ஒண்ணு போச்சு. ஆர்டிஸ், அதோட நிறுத்திக்கோ! இப்பவும் காப்பாத்தலாம்!"

கொயோட்டி ஒரு குட்டியின் பின்னங்காலைப் பற்றி இழுத்தது. ஆர்டிஸ் குறிபார்த்தாள். அந்தக் குடும்பத்தில் மெர்லைவிட அவள்தான் நன்றாகச் சுடுவாள் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். விசையை இழுத்தாள்.

தொப்.

ஈரச் செருப்பு தரையில் விழுவது மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். அவள் மறுபடி லிவரை இழுத்தாள், சுடாத தோட்டா படியில் உருண்டது. இரண்டாவது தோட்டா. தொப். மூன்றாவது. தொப். அதுவும் படியில் உருண்டது. கொயோட்டி தலையைத் தூக்கி அவளை ஒரு தடவை பார்த்தது. பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தது.

ஆர்டிஸ் ஓடினாள். இருபதடி தூரத்தில் நின்று, துப்பாக்கியைக் குழல் பக்கமாகப் பிடித்து, கோடாலியை வீசுவது போல வீசி எறிந்தாள். அது காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றி, தங்க முலாம் வெயிலில் பளிச்சிட, கொயோட்டியின் விலா எலும்பில் போய் இடித்தது. மூவாயிரம் நூற்றாண்டுத் துப்பாக்கிகளில் ஒன்று முதன்முறையாக ஆட்டைக் காப்பாற்றிய தருணம் அது. கொயோட்டி குட்டியை விட்டுவிட்டு வேலிக்கு அடியில் புகுந்து வெளியேறியது. ஓடிவிடவில்லை. குன்றின் பாதி உயரத்தில் ஏறி, உட்கார்ந்து, திரும்பிப் பட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த வீட்டில் எறிவதற்கு எத்தனை இருக்கிறது என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

அவள் ஒரு கையில் குட்டியும் ஒரு கையில் துப்பாக்கியுமாக உள்ளே வந்தாள். குட்டியின் காலில் பல் பதிந்திருந்தது, ஆனால் எலும்பு முறியவில்லை. துப்பாக்கியின் மரக்கட்டை நீளவாட்டில் பிளந்திருந்தது.

ஹால்வர் துப்பாக்கியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் கண்ணில் நீர் இருந்தது. குழலை வெளிச்சத்தில் காட்டி உள்ளே பார்த்தார். பிறகு அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"சுடல!" என்றார். "டெல்பெர்ட், பாரு! இது சுடவே இல்ல! இப்பவும் இது சுடப்படாத துப்பாக்கிதான்!"

"கட்ட பொளந்திருக்கே," என்றான் டெல்பெர்ட்.

"அது வேற பத்தி. குழல் சுத்தம். நாம எழுதினதுல குழலப் பத்தின வரிய மாத்தவே வேண்டாம்." அவர் படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டார். "பிரச்சினை ஒண்ணுதான். எறிஞ்சத எதுல போடறது? எறிஞ்சதுக்குன்னு பத்தி இல்லையே."

"குறிப்புல போடலாமா?"

"போடலாம். 'சுடப்படாதது, எறியப்பட்டது.' இந்த மாதிரி இது ஒண்ணுதான் இருக்கும், ஆர்டிஸ். ஆனா வாங்கறதுக்கு ஆள் கிடைக்காது. லிவர் கோட்டுக்கு ஒண்ணு, கட்டைக்கு ஒண்ணு, தோட்டா முத்திரைக்கு ஒண்ணுன்னு கழிச்சா…" அவர் உதட்டுக்குள் கூட்டினார். "நூத்தி நாப்பது."

நூற்று நாற்பதுக்கு நாயின் ஒரு கால்கூட வராது. ஆர்டிஸ் குட்டியை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு துணியைக் கிழித்து அதன் காலில் சுற்றினாள். ஜன்னலுக்கு வெளியே கொயோட்டி இன்னும் உட்கார்ந்திருந்தது.

இதற்கிடையில் டெல்பெர்ட் பின்வாசலுக்குப் போய்ப் படியில் உருண்டு கிடந்த தோட்டாக்களைப் பொறுக்கி வந்தான். ஒவ்வொன்றையும் திருப்பி அதன் அடிப்பாகத்தைப் பார்த்தான். தோட்டாவை வெடிக்க வைக்கும் ஊசி குத்தியிருந்தால் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். ஒன்றிலும் இல்லை. கண்ணாடி போல வழவழவென்று இருந்தன. அவன் ஆர்டிஸின் துப்பாக்கியை வாங்கி, லிவரைத் தாழ்த்தி, உள்ளே விரலை விட்டான். விரல் மஞ்சளாக வெளியே வந்தது. கம்பெனி பூசிய மசகு, இருபத்திரண்டு வருடத்தில் பழைய மிட்டாய் போல இறுகிப்போயிருந்தது.

"ஊசி நகரவே இல்ல, ஹால்வர்," என்றான். "பின்னால இருக்கற சுத்தியல் அடிச்சிருக்கு. ஊசி அசையல."

"இயல்புதான். பெட்டியிலயே இருந்தா இறுகத்தான் செய்யும்."

"அப்ப பெட்டியிலயே இருக்கற எல்லாமே…"

"செயலாளர் யூகத்துல இறங்கக்கூடாது," என்றார் தலைவர்.

ஆர்டிஸ் மடியில் குட்டியோடு மேசைப் பக்கம் சாய்ந்து சான்றிதழை எடுத்தாள். முத்திரை இன்னும் முழுதாகக் காயவில்லை. அவள் சத்தமாகப் படித்தாள்.

"'செயல்பாடு, பூரணம்.' இதுக்கு என்ன அர்த்தம், ஹால்வர்?"

"நல்லா வேல செய்யுதுன்னு அர்த்தம்."

"எப்படிப் பாத்தீங்க?"

"பாக்கறதா? அதத் தொட்டா மதிப்பு போயிடுமே. அதோட தோற்றத்த வச்சுத்தான் எழுதறது. எல்லாருக்கும் அப்படித்தான்."

"எத்தன பேருக்கு எழுதிக் குடுத்திருக்கீங்க?"

இந்தக் கேள்வி ஹால்வருக்குப் பிடித்த கேள்வி. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இருநூத்திப் பதினாலு சான்றிதழ். அத்தனையும் 'பூரணம்'. இத்தன வருஷத்துல ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட, தன்னோட துப்பாக்கி சுடலன்னு எங்கிட்ட வந்து குறை சொன்னதில்ல. இத விட ஒரு கழகத்துக்கு வேற என்ன பெருமை வேணும்?"

"எப்படி வந்து சொல்லுவாங்க?" என்றாள் ஆர்டிஸ். அவள் குரல் உயரவில்லை. குட்டி பயந்துவிடும் என்று மெதுவாகத்தான் பேசினாள். "சுட்டுப் பாத்தாத்தான் சுடாதுன்னு தெரியும். சுட்டுப் பாத்தவன் உங்ககிட்ட வந்து நின்னா, பாதி விலைய வெட்டி அனுப்புவீங்க. நீங்க எழுதினது பொய்னு கண்டுபிடிக்கறவனுக்கு நீங்களே அபராதம் வச்சிருக்கீங்க."

ஹால்வர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். விதி நாலு இருந்தது, விதி பதினேழு இருந்தது, இதற்கு விதி இல்லை.

"ஆலங்கட்டியில…" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

டெல்பெர்ட் மேசையில் கிடந்த தன் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த இருநூற்றுப் பதினாலில் பதினொன்று அவனுடையவை. பிறகு வெள்ளைக் கையுறையை விரல் விரலாகக் கழற்றினான். வெறும் கையால் துப்பாக்கியை எடுத்தான்.

"டெல்பெர்ட்," என்றார் ஹால்வர், "மாதிரிய கீழ வை."

அவன் லிவரைக் கீழே இழுத்தான். அது முனகிக்கொண்டு இறங்கியது.

"டெல்பெர்ட்! கோடு விழும்டா!"

விழுந்தது. அவன் மேசை முனையில் இருந்த மண்ணெண்ணெய் விளக்கின் திரியைக் கழற்றி, கையுறையை உள்ளே விட்டு நனைத்து, அதைக் கொண்டு துப்பாக்கியின் உள்பக்கத்தைத் துடைத்தான். ஒரு கையுறை மஞ்சளானதும் இன்னொன்றை எடுத்துக்கொண்டான். விரலால் ஊசியைத் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. மறுபடி துடைத்தான். தள்ளினான். அசைந்தது. லிவரை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, நாலைந்து தடவை பார்த்தான். ஒவ்வொரு தடவைக்கும் ஹால்வர் கண்ணை இறுக்கி மூடித் திறந்தார்.

பிறகு கிழிந்த பெட்டியிலிருந்து ஐந்து தோட்டாக்களை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஜன்னல் வழியாகக் குன்றைப் பார்த்தான். கொயோட்டி அங்கேயே இருந்தது.

"உன் துப்பாக்கியோட மதிப்பு என்ன ஆகும்னு யோசிச்சுப் பாத்தியா?" என்று கேட்டார் ஹால்வர்.

டெல்பெர்ட் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, பின்வாசல் கதவைத் தோளால் தள்ளித் திறந்து, கையில் துப்பாக்கியோடு குன்றைப் பார்த்து நடந்தான்.